சூரியனை மங்க வைத்தால் மலைக்கு என்ன ஆகும்?

டிசம்பர் கடைசியில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மாலை நேரத்தில் ஒரு வேலை நடக்கும். நாற்றுகள் மீதும் புதிதாக நட்ட செடிகள் மீதும் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளைச் சாய்த்து மூடுவார்கள். உறைபனிக்கான ஏற்பாடு அது. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக நேரே வானத்துக்கு விட்டுவிடுகிறது. நாலடி உயரத்தில் இருக்கும் வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும்போதே புல்நுனியில் வெப்பம் சுழிக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுத்துக் கிடக்க, மேலே மேட்டில் இருக்கும் தேயிலை தப்பிப்பது இதனால்தான். மிலார் கிளை வெளியேறும் கதிரைத் தடுத்துப் பாதியைத் திருப்பி அனுப்புகிறது, செடி பிழைத்துக்கொள்கிறது.

பூமியின் வெப்பக் கணக்கும் இதே இயற்பியல்தான். வரவு சூரிய ஒளி, பகலில் மட்டும். செலவு அகச்சிவப்புக் கதிர், பகலிலும் இரவிலும். கரியமில வாயு வரவைத் தொடுவதில்லை; செலவைக் குறைக்கிறது. காற்றில் அதன் அளவு இரட்டிப்பானால் சதுர மீட்டருக்கு 4 வாட் அளவில் வெப்பம் வெளியேறாமல் தங்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம் பழைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடியிருந்தது.

இந்தக் கணக்கில் மனிதர் கைவைத்துச் சரிக்கட்டும் யோசனைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஜியோஎன்ஜினியரிங், தமிழில் புவிப் பொறியியல். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பி வரவைக் குறைப்பது. மற்றது, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்து மண்ணிலோ கல்லிலோ கடலிலோ பூட்டி வைப்பது. முதலாவது ஓரிரு ஆண்டில் பலன் காட்டும், செலவு குறைவு, ஆபத்து பெரிது. இரண்டாவது பல பத்தாண்டு வேலை, செலவு கூடுதல். அதன் ஆபத்து பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்தோடு நின்றுவிடும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். மேக விதைப்பையும் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஒரு மேகத்தில் சில மணி நேரம் நடக்கும் உள்ளூர் முயற்சி; புவியின் வெப்பக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

20 கிலோமீட்டர் உயரத்தில் கந்தகம்

ஒளியைத் திருப்பும் யோசனைகளில் அதிகம் ஆராயப்பட்டது, வளிமண்டலத்தின் இரண்டாம் அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரில் கந்தகத் துகள்களைத் தூவுவது. 1974-ல் ரஷ்ய வானிலை அறிஞர் மிகயீல் புதிகோ முன்வைத்த யோசனை இது. ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குருட்சன் 2006-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசுவது அறிவியல் உலகில் கூச்சமில்லாத காரியமானது.

இயற்கை இதற்கு ஒரு சோதனையை ஏற்கெனவே நடத்திக் காட்டிவிட்டது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை சுமார் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. ஆக, 'குளிருமா' என்பதில் சந்தேகமில்லை.

செய்முறை இப்படி. நம் பக்கத்து அட்சரேகைகளில் ஸ்ட்ராட்டோஸ்பியர் 16, 17 கிலோமீட்டரில் தொடங்குகிறது. பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டரில். அந்த உயரத்தில் தூவினால் ஓரிரு வாரத்தில் மழையோடு கீழே வந்துவிடும்; பயனில்லை. 20 கிலோமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. டன் கணக்கில் சுமையோடு அங்கே நாள்தோறும் போய்வரும் விமானக் கூட்டம் இன்று உலகில் எவரிடமும் இல்லை. அகன்ற இறக்கையோடு புதிதாக வடிவமைக்க வேண்டும். தூவிய வாயு சில வாரங்களில் கந்தக அமிலத் துளிகளாக மாறும். துளி அரை மைக்ரானுக்குப் பக்கமாக இருந்தால் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும்; ஓராண்டு, ஒன்றரை ஆண்டு மேலே நிற்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏற்கெனவே துளிகள் இருக்கும் இடத்தில் மேலும் தூவினால், புதிய வாயு புதுத் துளியாவதற்குப் பதில் பழைய துளியின் மேல் படிந்து அதைப் பெரிதாக்குகிறது. பெரிய துளி சீக்கிரம் விழுகிறது, எடைக்கு எடை குறைவாகவே ஒளியைத் திருப்புகிறது. இரண்டு மடங்கு தூவினால் இரண்டு மடங்கு குளிராது. ஒரு டிகிரி குறைக்க ஆண்டுக்கு ஒரு கோடி டன் அளவில் தேவை என்று காலநிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் சொன்னாலும், அந்த எண் மாதிரிக்கு மாதிரி பெரிதும் வேறுபடுவதற்கு இது முக்கியக் காரணம். துளிகள் வெப்பத்தையும் உறிஞ்சுவதால் மேலடுக்குக் காற்று சூடேறி அங்குள்ள காற்றோட்டமே மாறுகிறது. ஓசோனைத் தின்னும் வினைகளுக்கு அந்தத் துளிகளின் மேற்பரப்பு மேடையாகிறது.

அமில மழை வரும் என்ற அச்சத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஒரு கோடி டன் கந்தக டை ஆக்சைடில் அரைக் கோடி டன் கந்தகம் இருக்கிறது. அது உலகம் முழுக்கச் சமமாக விழுந்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிராம். தேயிலைத் தோட்டத்தில் போடும் 50 கிலோ அமோனியம் சல்பேட் மூட்டை ஒன்றில் 12 கிலோ கந்தகம் இருக்கிறது. மலை மண்ணை அமிலமாக்குவது நம் உர மூட்டைதான்.

செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம் கோடி டாலர் என்பது பரவலான மதிப்பீடு. பெரிய தொகையாகத் தெரியலாம். ஆனால் ஒரு நடுத்தரப் பொருளாதார நாடு தனியாகவே செய்துவிடக்கூடிய தொகை அது. இந்தத் தொழில்நுட்பம் மலிவாக இருப்பதே அதன் முதல் ஆபத்து.

பச்சைச் சூரியனும் கொடைக்கானலும்

1883 ஆகஸ்டில் கிராகடோவா வெடித்தது. அடுத்த மாதம் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அதை நிறமாலைமானி வைத்துப் பார்த்துக் குறித்தவர்களில் ஒருவர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த சார்லஸ் மிச்சி ஸ்மித். பின்னர் 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானபோது அதன் முதல் இயக்குநராக வந்தவரும் அவரே.

அந்த ஆய்வகம் பழனி மலையில் ஏன் வந்தது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை ஏன் தவறுகிறது, சூரியனின் மாற்றங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசைத் துரத்தியது. வானம் தெளிவாக உள்ள, 2,300 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் சூரியனை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பருவமழையின் சாவி சூரியப் புள்ளிகளில் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். சூரிய ஒளி கொஞ்சம் மாறினால் மழைக்கு என்ன ஆகும் என்ற அதே கேள்வி 120 ஆண்டு கழித்து, இந்த முறை ஒளியை நாமே மாற்றும் திட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது.

மழைக்கு என்ன ஆகும்? பூமியின் மேற்பரப்பில் விழும் ஒளி குறைந்தால் ஆவியாதல் குறைகிறது. ஆவியாதல் குறைந்தால் மழையும் குறைகிறது. கரியமில வாயு தரும் வெப்பத்தை ஒளிக் குறைப்பால் சரிக்கட்டினால் வெப்பக் கணக்கு சமமாகும், மழைக் கணக்கு சமமாகாது. கரியமில வாயுவை நான்கு மடங்காக்கி, சூரியனை மங்க வைத்து வெப்பத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பன்னாட்டு மாதிரிச் சோதனையில் உலகச் சராசரி மழை சுமார் 4.5 சதவீதம் குறைந்தது. பினடூபோவுக்கு அடுத்த ஆண்டும் நிலப்பரப்பில் மழையும், ஆறுகள் கடலில் சேர்த்த நீரும் கணிசமாகக் குறைந்தன. அப்போது, பசிபிக் கடல் சூடேறி உலக மழையைக் குலைக்கும் எல்நினோவும் இருந்தது. ஆனாலும் எல்நினோ மட்டும் அதை விளக்கவில்லை.

எங்கே தூவுகிறோம் என்பது எவ்வளவு தூவுகிறோம் என்பதைவிட முக்கியம். வட அரைக்கோளத்தில் மட்டும் திரை போட்டால் அந்தப் பாதி குளிர்ந்து, நிலநடுக்கோட்டையொட்டிய மழைப் பட்டை தெற்கே நகர்கிறது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் 1900-க்குப் பின் வந்த மிக வறண்ட நான்கு கோடைகளில் மூன்றுக்கு முன்னால் வட அரைக்கோளத்தில் ஒரு பெரிய எரிமலை வெடித்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி பாலாவின் குழு மாதிரியில் பார்த்ததும் இதைத்தான்: ஆர்க்டிக் பனியைக் காப்பாற்ற வடதுருவத்தின் மேல் மட்டும் தூவினால் இந்தியாவின் பருவமழை குறைகிறது, தென்துருவத்தின் மேலும் சேர்த்துத் தூவினால் அந்த இழப்பைப் பெருமளவு சரிக்கட்டலாம். நோர்வேக்கு நல்லதாகத் தோன்றும் ஏற்பாடு பவானிசாகருக்குக் கெட்டதாக முடியலாம்.

இதற்கு எதிர்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அனல்மின் நிலையமும் அடுப்புப் புகையும் வாகனமும் சேர்ந்து வட இந்தியாவின் மேல் போட்டிருக்கும் புகைத்திரை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழையைப் பலவீனப்படுத்தியது என்பதற்கு வலுவான ஆய்வுகள் உண்டு. கணக்கில் வராத, யாரும் அனுமதி கேட்காத ஒரு புவிப் பொறியியல் அது.

சராசரி யாருக்கு உதவும்?

மலைக்காரனுக்கு ஆண்டுச் சராசரி வெப்பம் அவ்வளவு முக்கியமில்லை. எந்த மாதம் மழை, எந்த இரவு உறைபனி என்பதுதான் கேள்வி. நீலகிரியின் மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, அப்பர் பவானி, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கை நம்பியிருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பரின் வடகிழக்கை நம்பியிருக்கின்றன. பழனி மலைக்கும் வடகிழக்குதான் பெரிய வரவு. நீலகிரியின் வடக்குப் பக்கம் மழைமறைவில் மசினகுடி. பழனி தவிர மற்ற இத்தனையும் 2,500 சதுர கிலோமீட்டர் சொச்சம் உள்ள ஒரே மாவட்டத்துக்குள். உலகக் காலநிலை மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர், அதாவது 10,000 சதுர கிலோமீட்டர். நீலகிரி முழுவதும் ஒரு கட்டத்தின் கால்வாசி. தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரை அந்த மாதிரி பக்கத்துக் கோவைச் சமவெளியோடு சேர்த்துச் சராசரியாக்கி ஒரு மேடாக்கிவிடும். அதிலிருந்து "நீலகிரியில் மழை இத்தனை சதவீதம் மாறும்" என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, பொறுப்பை யார் தலையில் கட்டுவது என்ற சிக்கல். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 2015-ல் இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல். 2016-ல் 62 சதவீதம் குறைவு. யாரும் எதையும் தூவாத இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகள். இந்த அளவுக்கு இயல்பாகவே ஆடும் மழையில், திரை போட்டதால் வந்த 5 சதவீத மாற்றத்தைப் பிரித்துக் காட்டப் பல பத்தாண்டுத் தரவு வேண்டும். அதற்குள், பொய்த்த ஒவ்வொரு பருவத்துக்கும் பழி விமானம் அனுப்பிய நாட்டின் மேல் விழும். கொட்டித் தீர்த்த ஒவ்வொரு பருவத்துக்கும்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண்சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மங்கிய வானத்தின் கீழ் இப்படி ஒன்று நடந்தால் "இது இயற்கை" என்று எந்த அறிவியலாளர் வந்து சொன்னாலும் ஊர் ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

இரவுக்கு வருவோம். ஒளித்திரை வேலை செய்வது பகலில் மட்டும். கரியமில வாயுவோ இரவிலும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இரண்டும் சேர்ந்தால் பகல் சற்றுக் குளிர்ந்து இரவு சற்று வெதுவெதுப்பாகி, பகல் இரவு வேறுபாடு சுருங்கும். உறைபனி இரவுகள் குறைந்தால் கொழுந்து கருகாதே, நல்லதுதானே என்று கேட்கலாம். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் குளிர்ந்த இரவு வேண்டும். கிழங்கு திரள்வது அதில்தான். பூச்சியின் பெருக்கத்தை அடக்குவதும் அந்தக் குளிர்தான். இந்த யோசனைக் குடும்பத்தில் உயரத்து மென்மேகங்களைக் கலைத்து இரவு வெப்பத்தை வெளியே விடுவது என்ற ஒன்றும் இருக்கிறது. அளவு கொஞ்சம் மிஞ்சினால் மேகம் கலைவதற்குப் பதில் கூடுதலாகி நேர்மாறான பலன் தரும் என்பதால் அது காகிதத்திலேயே நிற்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது நிறுத்துவது பற்றிய கேள்வி. துகள்கள் ஓரிரு ஆண்டில் விழுந்துவிடும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். 40 ஆண்டு திரை போட்டு ஒரு டிகிரியை மறைத்து வைத்துவிட்டு, போரோ பொருளாதார நெருக்கடியோ வந்து நிறுத்தினால், மறைத்த வெப்பம் முழுவதும் பத்து ஆண்டுக்குள் வெளிப்படும். மலையில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்துக்குச் சமம். மலைப் பள்ளங்களில் வளரும் சோலைக்காட்டு மரமும் வரையாடும் காட்டுப்பூவரசும் தமக்கேற்ற குளிரைத் தேடி அந்த 150 மீட்டரைப் பத்தே ஆண்டில் ஏற வேண்டும். ஏற்கெனவே சிகரத்தில் இருப்பவற்றுக்கு ஏற இடமே கிடையாது.

கரியமில வாயுவை எடுப்பது: மலை ஏற்கெனவே கொடுத்த விலை

இரண்டாவது வகையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மரம் நடுவது. உலகில் இன்று ஆண்டுக்கு 200 கோடி டன் கரியமில வாயு மனித முயற்சியால் எடுக்கப்படுகிறது என்றால், ஏறக்குறைய முழுவதும் காடு வளர்ப்பில்தான். இயந்திரம், கல்தூள், மரக்கரி போன்ற புதிய வழிகளெல்லாம் சேர்ந்து 13 லட்சம் டன் அளவில். எரிபொருளிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுவதோ 3,700 கோடி டன்.

ஆனால் 'காலியாகக் கிடக்கும்' புல்வெளியில் மரம் நடுவது என்ன செய்யும் என்பதை நீலகிரி உலகத்துக்கே அளந்து காட்டியிருக்கிறது. 1840-களில் தொடங்கி இங்கே கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும், சீகை எனப்படும் வாட்டில் மரமும் வந்தன. விடுதலைக்குப் பின் ரேயான் கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் பெருமளவில் நட்டார்கள். தோடர் எருமைகள் மேய்ந்த புல்வெளிதான் அதற்கு இடம். கிளன்மார்கன் பக்கம் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டது. மற்றதில் 1972-ல் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டு, இரண்டின் ஓடையையும் ஆண்டுக்கணக்கில் அளந்தது. முதல் பத்தாண்டுச் சுற்றில் நட்ட பக்கத்தில் ஓடிய நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் துளிர் முதல் ஆண்டிலிருந்தே நீரை இழுத்தது. கோடை நீரோட்டம் இதைவிடப் பலமாக அடி வாங்கியது. மின்நிலையங்களுக்கும் கீழே பவானிப் பாசனத்துக்கும் போக வேண்டிய நீர் அது.

பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் மலைப் புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் போய்விட்டது தெரிந்தது. புல்வெளி கார்பனை மண்ணுக்குள் வைத்திருக்கிறது; தீ வந்தாலும் அது பத்திரம். சீகையும் பைனும் கற்பூர மரமும் மேலே வைத்திருக்கின்றன. ஒரு மார்ச் மாதத் தீ போதும். புல்வெளிப் பள்ளங்களில் உள்ள சதுப்பு இன்னும் மேல். நீலகிரிச் சதுப்பின் கரிமண் அடுக்குகளை ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 20,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை 1993-ல் வெளியிட்டார்கள். அத்தனை ஆண்டும் அந்தக் கார்பன் அங்கேயே இருந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பள்ளத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கேரட் போட்டால், காற்றுப் பட்டு அது கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. எடுத்த கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் வரவு (கார்பன் கிரெடிட்) என்ற பெயரில் மலையில் யாராவது மரக்கன்றோடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: நடப்போகும் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

அடுத்து கல்தூள். கருங்கல் வகைகளில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டைப் பொடித்து வயலில் தூவினால், மழைநீரில் கரைந்த கரியமில வாயு அதோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சேரும். ஒரு டன் தூள் அதிகபட்சம் 300 கிலோ அளவில் எடுக்கும், அதுவும் பல ஆண்டில். டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் இது தொடங்கிவிட்டது. நீலகிரியிலும் செய்யலாமே என்ற பேச்சு வருவது இயல்பு. கணக்கைப் பாருங்கள். எக்டேருக்கு 20 டன் என்றால் ஏக்கருக்கு 8 டன். ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, செங்குத்தான சரிவிலும் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டிய 160 மூட்டை. நீலகிரியின் சொந்தப் பாறை சார்னோகைட். அதில் மெதுவாகக் கரையும் கனிமங்கள்தான் அதிகம். பசால்ட் தக்காணத்திலிருந்து வர வேண்டும். 800 கிலோமீட்டர் லாரியில் வந்தால், டன்னுக்கு கிலோமீட்டருக்கு 0.1 கிலோ என்று வைத்தாலும் 80 கிலோ கரியமில வாயு வழியிலேயே போய்விட்டது. அரைக்கும் மின்சாரம் தனி, மலையேற்றம் தனி.

இதைவிட நுட்பமான ஓட்டை ஒன்று உண்டு. தேயிலை மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் மண்ணில் நைட்ரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த மண்ணில் கல்தூளைக் கரைப்பது பெரும்பாலும் அந்த அமிலம்தான். கார்பானிக் அமிலம் அல்ல. தூள் கரைகிறது, கால்சியமும் மக்னீசியமும் வெளிவருகின்றன, சோதனைக்கூடத்தில் 'கரைந்தது' என்று பதிவாகிறது. ஆனால் அந்த இடத்தில் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு சொற்பம். டோலமைட்டுக்குப் பதிலாக மண்ணின் புளிப்பைக் குறைக்க நல்ல பொருள் என்று சொல்லி விற்றால் நியாயம். கார்பன் வரவு என்று விற்பவர் ஓடை நீரின் பைகார்பனேட்டை அளந்து காட்ட வேண்டும். நிக்கல், குரோமியம் அளவுச் சான்றிதழும் கேட்டு வாங்க வேண்டும்.

மலைக்கு ஓரளவு பொருந்துவது மரக்கரி. சீகையை எப்படியும் அகற்ற வேண்டியிருக்கிறது. அகற்றியதை அப்படியே போட்டால் மக்கி அல்லது எரிந்து காற்றுக்குத் திரும்பும். காற்றில்லாமல் 400 முதல் 600 டிகிரியில் சுட்டால், உலர்ந்த எடையில் கால்வாசி கரியாக நிற்கும். அந்தக் கரியில் ஒரு டன் சுமார் இரண்டரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். செய்முறை எளிது. மேலே ஐந்தடி அகலமும் மூன்றடி ஆழமுமாகக் கூம்புக் குழி. மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்படாத, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்த கட்டைகள். அடுக்கின் உச்சியில் தீ வைக்க வேண்டும், அடியில் அல்ல. அப்போதுதான் மேலே உள்ள சுடர் கீழிருந்து வரும் புகையை எரித்துவிடும். மேலடுக்கில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும்; தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும், அவசரப்பட்டால் புகையும். குழி நிறைந்ததும் தாராளமாக நீர் ஊற்றி அணைக்க வேண்டும். ஊட்டியின் ஈரக் காற்றில் கட்டை உலர மூன்று நான்கு மாதம் கூரைக்குக் கீழே கிடக்க வேண்டும். பச்சைக் கட்டையைச் சுட்டால் வரும் மீத்தேனும் புகையும் செய்த நன்மையைத் தின்றுவிடும்.

கரியை அப்படியே போட்டால் முதல் போகத்தில் தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். சாணத்தோடு இரண்டு வாரம் ஊறவிட்டுப் போட வேண்டும். கரி காரத்தன்மை உள்ளது. தேயிலைக்கு அளவாக, உருளைக்கிழங்குக்கு இன்னும் அளவாக, பி.எச். ஏறினால் கிழங்கில் சொறி நோய் வரும். இன்னொன்று, சீகை விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் முளைக்கும். குழியை வெட்டிய இடத்திலேயே போட்டால் அடுத்த மழையில் அதைச் சுற்றிப் பாய் விரித்தாற்போல் சீகை நாற்று வரும். சாலையோரம் கொண்டுவந்து சுடுவது நல்லது. வெட்டிய இடத்தில் குறைந்தது ஐந்தாறு ஆண்டு நாற்றைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும்.

அளவு என்ன? ஏக்கருக்கு 40 டன் உலர்ந்த கட்டை என்று வைத்தால் 10 டன் கரி, 25 டன் கரியமில வாயு. ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரி 2 டன். ஓர் ஏக்கர் சீகை பன்னிரண்டு பேரின் ஓர் ஆண்டுக் கணக்கைத்தான் தீர்க்கும். புல்லும் ஓடையும் திரும்பி வருவதுதான் அதன் பெரிய லாபம்.

யார் கையில் பொத்தான்?

2010-ல் நகோயாவில் உயிரிப்பன்மைய உடன்படிக்கை நாடுகள் பெரிய அளவிலான புவிப் பொறியியலைத் தவிர்க்கச் சொல்லித் தீர்மானித்தன. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஹார்வர்டு குழு சுவீடனின் கிருனாவில் ஒரு பலூனைச் சோதனைக்காக, அதுவும் துகள் எதுவும் இல்லாமல், பறக்கவிடத் திட்டமிட்டபோது சாமி பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள்; 2021-ல் நின்றது, 2024-ல் திட்டமே கைவிடப்பட்டது. மறுபக்கம், ஒரு சிறு அமெரிக்க நிறுவனம் யாரையும் கேட்காமல் மெக்சிகோவில் கந்தக பலூன் விட்டது. 2023 ஜனவரியில் அந்நாடு தடை அறிவித்தது. 2024-ல் இதுபற்றி ஆராயக் குழு அமைக்கும் தீர்மானத்தை ஐ.நா. சுற்றுச்சூழல் சபையில் சுவிட்சர்லாந்து கொண்டுவந்து, ஒருமித்த கருத்து இல்லாமல் திரும்பப் பெற்றது.

இந்தியா வெறும் பார்வையாளர் அல்ல. 2009-ல் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியும் சேர்ந்து அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு தூவி, கடலின் நுண்பாசி பெருகிக் கார்பனை ஆழத்துக்குக் கொண்டுபோகுமா என்று பார்த்தன. பாசி வளர்ந்தது. ஆனால் நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால் கனத்த ஓடுள்ள டயட்டம் வகை வரவில்லை; வந்த மென்பாசியைச் சிறு இறால் வகைகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போனது சொற்பம். நல்ல சோதனை அது: ஒரு நம்பிக்கையை அளந்து இறக்கி வைத்தது.

ஒளித்திரையைப் பொறுத்தவரை, மாதிரிகளில் ஆய்வு நடக்க வேண்டும், அதுவும் நம் பருவமழையை அறிந்தவர்கள் கையில். வானத்தில் தூவ இப்போது எந்த நியாயமும் இல்லை என்பது என் நிலை. வேறொரு நாடு தூவத் தொடங்கினால் நம்மிடம் இருக்க வேண்டியது முன்பிருந்த நிலையின் அளவு. மலையில் அதற்குப் பெரிய செலவில்லை. நேரடி ஒளியையும் சிதறிய ஒளியையும் தனித்தனியே அளக்கும் நிழல்வளையக் கருவி ஒன்று கொடைக்கானலில், ஒன்று ஊட்டியில். பினடூபோவுக்குப் பிறகு மொத்த ஒளியைவிட இந்த இரண்டின் விகிதம்தான் கண்கூடாக மாறியது. புல்மட்ட வெப்பமானிகள், மேட்டிலும் பள்ளத்திலுமாக. கிளன்மார்கனில் இருந்ததைப் போல முக்கோண வெட்டுள்ள நீரளவுத் தடுப்பு புல்வெளி ஓடை ஒன்றிலும் சீகைக்காட்டு ஓடை ஒன்றிலும். தடுப்பின் பின்னால் சேரும் வண்டலை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அள்ளாவிட்டால் அளவு தப்பாக வரும். இத்தகைய பதிவுகள் பெரும்பாலும் கெடுவது கருவியால் அல்ல, இந்த வேலைக்கு ஆள் போடாததால்.